விளக்கேற்ற மட்டும் ஆகாத கை

மண்டபத்தில் டியூப்லைட் எரியாவிட்டால் என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். அதே மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமென்றால் என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொன்னார்கள், ஒரே சாயங்காலத்தில், ஒரே வாயால். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் அவசரப்படப் போவதில்லை. அவசரப்பட்டால் திட்டுத்தான் வரும், நடந்தது வராது.

அப்போது நாங்கள் ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்க அறையில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மகளும். அவள் அப்பா எண்பத்தெட்டில், ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊரே கொந்தளித்துக் கிடந்தபோது, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நான் பெப்யோ விற்று அவளை வளர்த்தேன். பட்டாணியை ஊறவைத்து, முளைகட்டி, அவித்தால் அதுதான் பெப்யோ. ரங்கூனில் காலையில் சோற்றோடோ ரொட்டியோடோ அது வேண்டும், பர்மாக்காரனானாலும் தமிழனானாலும். என் பெப்யோ குழையாது, தோல் உரியாது. விலையைக் குறைத்துக் கேட்டவரை நான் இரண்டாம் முறை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஊறப்போடுவதும் வடிப்பதுமாக எங்கள் அறையின் சிமெண்டுத் தரை வருஷம் முழுக்க நனைந்தே கிடக்கும். என் கையும் காலும் அப்படித்தான்.

அந்தக் காலத்துக் கரண்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போய்விட்டுத் திரும்பி வரும்போது தெருவே சேர்ந்து "மீ லா பீ" என்று கத்தும், விளக்கு வந்துவிட்டது என்று. வந்தது என்ன லட்சணத்தில் வந்தது என்பதை அப்புறம்தான் பார்க்க வேண்டும். குண்டுபல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். டியூப் அதுகூடச் செய்யாது. இரண்டு முனையும் பழுத்திருக்கும், நடுவெல்லாம் இருட்டு. ஸ்டார்ட்டர் விக்கல் எடுத்ததுபோலத் துடித்துத் துடித்து அடங்கிவிடும்.

எங்கள் அறையில் பரணுக்கு அடியில், என் தலை உயரத்துக்கு ஒரு டியூப் கட்டியிருந்தது. ஒரு சாயங்காலம் அது அப்படிப் பழுத்து நின்றபோது எரிச்சலில் அதை ஒரு தடவு தடவினேன். பளிச்சென்று எரிந்தது. மறுநாளும் அப்படித்தான். மகள் தடவினால் எரியாது, பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி தடவினால் எரியாது, நான் தடவினால் எரியும். பக்கத்து வீட்டுக்காரி "அமே, எங்க வீட்டுக்கும் வாங்க" என்று, அம்மா முறை வைத்துப் பர்மாவில் கெஞ்சிக் கூட்டிப் போவாள். அவள் வீட்டிலும் எரிந்தது. இரண்டே மாதத்தில் அந்தத் தெருவில் என் கைக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எதிர்வரிசையில் மின்சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் தமிழர், நான் கூடையோடு போகும்போதெல்லாம் டியூப் அட்டைப்பெட்டியை நீட்டி, "அக்கா, இத ஒரு வாட்டி தொட்டுக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்குள்ள வித்துரும்" என்பார். கேலிதான். ஆனாலும் நான் தொட்டுவிட்டுத்தான் போவேன். பெருமையாக இருந்தது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்.

இந்தச் சங்கதி கோயில் மண்டபத்துக்கும் எட்டியது. மண்டபத்தில் டியூப்களைச் சுவரில் மாட்டாமல் தூண்களில் நெட்டுக்குத்தாக மாட்டியிருந்தார்கள், எட்டிப்பிடிக்கிற உயரத்தில். விசேஷம் பாதியில் நிற்கும், கரண்ட் இறங்கும், மண்டபத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் எனக்கு ஆள் அனுப்புவார். நான் பட்டாணியை அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு போவேன். நான் வருவதைப் பார்த்ததும் பட்டுப்புடவைக்காரிகள் வழிவிடுவார்கள். அது மரியாதை என்று நினைத்தேன். தரையில் வழுவழுவென்று பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கும். ஈரக் காலுக்கு அது வழுக்கும், அதனால் ஓரத்தை மடித்துத் தள்ளிவிட்டுச் சிமெண்டில் காலை ஊன்றி நின்று ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டு போவேன். மண்டபம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். உடனே மேளம் தொடங்கும். அப்புறம் பெரியவர் என் பக்கத்தில் வந்து, காதோடு, "அக்கா, கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க, விளக்கேத்தப் போறாங்க" என்பார்.

நான் நகர்ந்து நிற்பேன். தாலி அறுத்தவள் எதிரில் நிற்கக் கூடாது. அது எல்லோருக்கும் உள்ளதுதானே என்று பல வருஷம் நினைத்துக்கொண்டு நின்றேன்.

என் மகள் பௌதிகம் படித்தாள். காலேஜ்களை மூடி மூடித் திறந்த காலம் அது. இப்படியே இருந்தால் கிழவியாகிவிடுவேன் என்று சொல்லி வீட்டிலிருந்தே படிக்கிற படிப்பில் சேர்ந்தாள். பாடமெல்லாம் பர்மாவிலும் இங்கிலீஷிலும் இருக்கும். எனக்குச் சொல்லும்போது தமிழில் மாற்றிச் சொல்வாள். அவளுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும், பௌதிகம் எங்கே வரும். ஆனாலும் ஒரு நாள் டியூபைப் பற்றிச் சொன்னாள், நான் பட்டாணி வடித்துக்கொண்டிருந்தபோது.

டியூபுக்குள் கம்பியே கிடையாது என்றாள். இரண்டு முனையிலும் துளி இழை, நடுவில் வெறும் வாயு, ஒரு பொட்டுப் பாதரசம். வாயு தானாகக் கரண்டைத் தன் வழியே விடாது. அதில் உள்ள ஒவ்வொரு துகளும் முழுசாக இருக்கிறது, கூட்டலும் கழித்தலும் தனக்குள்ளேயே சரிக்குச் சரியாக. அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் அசையாது. ஆனால் எங்கேயோ ஒன்றிரண்டு உடைந்தது இருக்கும். கரண்ட் பலமாக இழுத்தால் அந்த உடைந்தது ஓடும். ஓடி இன்னொன்றின்மேல் மோதும், அதுவும் உடையும். உடைந்த இரண்டும் ஓடி நாலை உடைக்கும். கண் மூடித் திறப்பதற்குள் குழாய் முழுக்க உடைந்த துண்டுகள். அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது.

"எண்பத்தெட்டுல சூலே பகோடா பக்கம் கூட்டம் ஓடுன மாதிரியா?" என்று கேட்டேன்.

அவள் கதவைப் பார்த்தாள். "மெதுவாம்மா. அந்த மாதிரிதான்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். ஒரு தடவை வழி திறந்துவிட்டால் அது தானாக நிற்காதாம். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு உடையும், எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு ஓடும். விட்டால் டியூபே போய்விடும். அதைப் பிடித்து வைக்கத்தான் சோக் என்று ஒரு கனத்த கட்டையை மாட்டுகிறார்கள். அடிபட்ட பாதரசம் விடுகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கிற மாவுதான் அதை வாங்கி வெள்ளையாக்கித் தருகிறது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாததுபோல அவள் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

கரண்ட் இறங்கியிருக்கும்போது அந்த முதல் துகளை உடைக்கிற அளவுக்கு இழுப்பு இல்லை. அப்போது மனுஷன் பூமியில் நின்றுகொண்டு குழாயைத் தொட்டால் பூமியே கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இருந்த தூரம் ஒரு விரல்கடையாகிவிடும். கை இருக்கிற இடத்தில் உடையத் தொடங்கி, கை போகிற வழியே உடைந்துகொண்டு போகும்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லங்கிறியா?"

"கையில இல்லம்மா. கால்ல இருக்கு."

நான் வடிதட்டைக் கீழே வைத்தேன். அவள் பயப்படவில்லை, என் வயிற்றில் பிறந்தவள்தானே. தன் ரப்பர் செருப்பை எடுத்து என் காலில் மாட்டினாள். பலகை ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னாள். டியூப் அன்றைக்கும் முனை பழுத்துத்தான் நின்றது. தடவினேன். எரியவில்லை. அழுத்தித் தடவினேன். எரியவில்லை. செருப்பைக் கழற்றி ஈரத் தரையில் இறங்கச் சொன்னாள். தடவினேன், எரிந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளோடு பேசாமலே சோறு போட்டேன். ஊருக்கே என் கையில் என்னவோ இருந்தது. அதை நான் பெற்ற பெண் ஒரு ரப்பர் செருப்பால் இல்லை என்று ஆக்கிவிட்டாள். வெளியே யாரிடமும் இதைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

பிறகு அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. ஊருக்கு வெளியே லைங் தாயாவில் தையல் ஆலையில் மேற்பார்வை வேலை. ஆலை பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கி வருகிற பையன், வாய் பேசாத பையன். அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அப்பாவின் அக்கா, அந்த அத்தைதான் எல்லாம். பரிசம் போடுவதைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. சாப்பாட்டுப் பட்டியல், பூ, பட்டு, எல்லாவற்றிலும் அத்தை சொன்னதுக்கு நான் தலையாட்டினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவளுக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. பெற்று வளர்த்தவள் நான் ஒருத்தி. பரிசத்துக்கு விளக்கை நான் ஏற்ற வேண்டும்.

மண்டபப் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததாக்கா, நல்ல காரியத்துல..." என்று பாதியில் விட்டார். அத்தை சிரித்தாள். பார்ப்போம் சம்பந்தி என்றாள்.

பரிசத்துக்கு முந்தின நாள் மண்டபத்துச் சமையல்கட்டில் பாத்திரம் எண்ணி வைக்கப் போயிருந்தேன். அடுத்த பக்கம் பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டியைத் தாண்டி அத்தையின் குரல் கேட்டது. யாரோ என் கையைப் பற்றி, அம்மன் கொடுத்த கை என்றோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். அதுக்கு இவள் சொல்கிறாள்.

"அம்மனும் இல்ல கும்மனும் இல்ல. புருஷன முழுங்குன கை. அந்தச் சூட்டுக்குத்தான் கரண்டே பயந்து ஓடுது. அதால வெளக்கேத்துனா எங்க புள்ள தாங்குவானா?"

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, நாங்களும் அப்படித்தான் பேசிக்குவோம் என்றாள்.

அங்கேதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் எனக்கு வழிவிட்டார்களே, அது மரியாதை இல்லை. மேலே பட்டுவிடப் போகிறேன் என்று ஒதுங்கியிருக்கிறார்கள். என் புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோனது. வண்டி கிடைக்காத தெரு கொண்டுபோனது. இவர்கள் அதை என் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது அதே கையைக் கூப்பிட்டு மண்டபத்துக்கு வெளிச்சம் வாங்கிக்கொண்டார்கள். நான் பாத்திரங்களை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒன்றையும் விட்டெறியவில்லை.

மறுநாள் காலையில் பட்டாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளிடம் கேட்டேன், காலில்தான் இருக்கிறது என்றாயே, நன்றாகத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். மண்டபத்தில் எல்லோரும் வெறுங்காலோடுதானே நிற்கிறார்கள், அவர்கள் தொட்டால் ஏன் எரியவில்லை?

"எல்லாரும் பிளாஸ்டிக் விரிப்பு மேல நிக்கிறாங்கம்மா. அதுவும் ஒரு விரலால தொட்டுட்டுக் கைய இழுத்துக்குவாங்க. நீ விரிப்ப ஒதுக்கிட்டுச் சிமெண்டுல நிப்ப. கவனிச்சதில்லியா?"

கவனித்ததில்லை. என் கையைத்தான் கவனித்திருக்கிறேன், அவர்களைப் போலவே.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. மலேசியாவில் இருக்கிற மாப்பிள்ளையின் அண்ணனுக்கு அனுப்ப வீடியோ எடுக்கிறவர் வந்திருந்தார். மண்டபத்து ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. ஐயர் தட்டுகளை வரிசை வைத்தார். விளக்குக்குப் பக்கத்தில் அத்தை பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக உட்கார்ந்திருந்தாள். அதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. நான் கூட்டத்தின் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

இருட்டுகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் இறங்கியது. தூணுக்குத் தூண் டியூப்கள் முனை சிவந்து நின்றன. வீடியோக்காரர், இப்படியானால் முகமே விழாது என்று கையை விரித்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார் ஐயர். நாலைந்து பேர் எழுந்து தூணைத் தொட்டுப் பார்த்தார்கள், விரலால் தொட்டு, உதறிக்கொண்டு. அப்புறம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெரியவர் வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குறீங்களே. டியூபுக்குத்தான்."

"வெளக்குக்கு ஆகாத கை டியூபுக்கு மட்டும் ஆகுமா?"

எழுந்து நடந்தேன். அன்றைக்கும் வழிவிட்டார்கள். நேரே அத்தையின் முன்னால் போய் நின்றேன். என் குரல் உயரவில்லை, உயர்த்தவும் வேண்டியிருக்கவில்லை. என் கையில் ஒன்றும் கிடையாது, இதை யார் செய்தாலும் எரியும், நீங்களே செய்யலாம் சம்பந்தி என்றேன். அவள் முகம் கறுத்தது. விளையாடுகிற நேரமா என்றாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். வீடியோக்காரர் கேமராவை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அத்தையின் வீட்டுக்காரர் முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், நல்ல மனுஷன். "போயேன், கடிக்கவா போகுது" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தூணுக்கு அடியில் இருந்த விரிப்பைச் சுருட்டித் தள்ளினேன். செம்புத் தண்ணீரைச் சிமெண்டில் ஊற்றி, அதில் நிற்கச் சொன்னேன். புடவையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முனையில் இருக்கிற தகரத்தைத் தொடாதீர்கள், கண்ணாடியை மட்டும் பிடியுங்கள், விரலால் இல்லை, முழுக்கையால், குழந்தையின் கையைப் பிடிக்கிறதுபோல, கீழேயிருந்து மேலே மெதுவாக என்று சொல்லிக்கொடுத்தேன். பட்டும் படாமலும் தடவினாள். உள்ளே ஊதா நிறத்தில் என்னவோ நெளிந்து ஓடி, அணைந்துவிட்டது.

கூட்டத்தில் யாரோ, அந்தக் கைதான் வேணும் என்று முணுமுணுத்தார்கள். மேடையில் என் மகள் என்னைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து, அழுத்து என்பதுபோல ஜாடை காட்டினாள். "இன்னொரு வாட்டி, பயப்படாம அழுத்தி" என்றேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். டியூப் இரண்டு தரம் சிமிட்டி, எரிந்தது. அவள் கையை எடுத்த பிறகும் எரிந்தது.

நான் அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"இப்ப உங்க கையிலயும்தான் எரிஞ்சிருச்சு. அண்ணன் நல்லாத்தானே இருக்காரு?"

முதலில் சிரித்தது அவர்தான். வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது, முதல் நாள் பூக் கட்டிய பெண்களும் சேர்ந்துதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நான் விளக்கண்டை போய்விட்டேன். தீப்பெட்டி ஐயர் பக்கத்தில் இருந்தது. அவர் நல்ல நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தீப்பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். ஈரக் கையில் முதல் குச்சி எரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டாவதைக் கிழித்தேன். ஐந்து முகத்தையும் நானே ஏற்றினேன். என் மகள் அழுதாள். அவளை அழாதே என்று அதட்டினேன்.

இதோடு அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அவர்கள் என்னை ஏற்ற விட்டது புரிந்ததால் இல்லை, நேரம் போய்விடும், படம் விழாது என்பதால். அடுத்த வாரமே மண்டபத்திலிருந்து ஆள் வந்தது, டியூப் எரியவில்லை, அக்காவை வரச் சொன்னார்கள் என்று. விரிப்பைச் சுருட்டித் தண்ணீர் ஊற்றுங்கள், என் கை இங்கே பட்டாணியில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அத்தை என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் பேசாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கல்யாணத்துக்கு அவள் தன் செலவில் பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முதல் நாளே கொண்டுவந்து மண்டபத்து வாசலில் இறக்கினாள். அது போட்ட சத்தத்தில் மேளமே கேட்கவில்லை. ஒரு டியூப்கூடச் சிமிட்டாமல் எல்லாம் எரிந்தன. யாருக்கும் என் கை வேண்டியிருக்கவில்லை. எதற்காக அவ்வளவு செலவு செய்தாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். விளக்குக்குப் பக்கத்தில் மணை போட்டு, தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் கூட்டத்தைத் தாண்டி விளக்கண்டை போனேன். யாரையும் கேட்கவில்லை. தீப்பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.